நான் வெட்டிவிட்ட குரல்

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது வாய் திறந்தால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். இந்தக் குளிர் நாட்டில், மில்லிக்கன் என்கிற பகுதியில் எங்கள் வீடு; அங்கே மாமியார் உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவார், புகை அலாரம் கத்தும், நான் கதிரையில் ஏறி அதை நிறுத்திக்கொண்டே அவரை நையாண்டி பண்ணுவேன். என் தொழிலும் அப்படித்தான். ஏதாவது பிழையாகிப்போனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தோண்டினால் வரும், வராவிட்டால் நாம் போதுமான அளவு தோண்டவில்லை. இதை வைத்துத்தான் இத்தனை வருடமாகச் சோறு தின்கிறேன். நீங்கள் சிரிப்பதென்றால் சிரியுங்கள், ஆனால் முழுதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் விஷயம் பிடிபடாது. நீங்கள் போனில் ஒரு நம்பரை அழுத்தினால் அது கோபுரத்துக்குப் போய், அங்கிருந்து மற்றவருடைய போனைத் தேடிப் பிடித்து மணி அடிக்க வைக்கிறதே, அதற்கான மென்பொருளைத்தான் எங்கள் கொம்பனி செய்கிறது. உண்மையான கோபுரங்களில் ஏற்றுவதற்கு முன் அதைச் சோதிக்க வேண்டும். அதற்காகக் கொம்பியூட்டருக்குள்ளேயே ஒரு பொய் உலகம் கட்டுவோம். பொய்ப் போன், பொய்க் கோபுரம், பொய் எக்ஸ்சேஞ், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கொன்ரெய்னரில். துறைமுகத்து இரும்புப் பெட்டியை நினைக்காதீர்கள், இது கொம்பியூட்டருக்குள் ஒரு மென்பொருளை மற்றதோடு ஒட்டாமல் மூடி வைக்கிற பெட்டி. சோதனை தொடங்கினால் பெட்டிகள் தானாக முளைக்கும், ஒரு பொய்ப் போன் இன்னொரு பொய்ப் போனை அழைக்கும், முடிந்ததும் பெட்டிகள் தானாக அழியும், உள்ளே இருந்ததில் ஒன்றும் மிஞ்சாது. வெளியுலகத்தோடு அவற்றுக்கு எந்தத் தொடர்பும் கிடையாது. ஊரில் இருக்கிற எந்தப் போனிலிருந்தும் அங்கே பேச முடியாது. இதை மட்டும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் ஒரு சோதனை குரலுக்கானது. அழைக்கிற போன் ஒரு ஒலிப்பதிவை அனுப்பும், யாரோ ஓர் ஆங்கிலக்காரன் இரண்டு வசனம் வாசிக்கிற பதிவு. மறுபக்கத்துப் போன் அதை வாங்கிப் பதிந்து வைக்கும். அனுப்பியதும் வந்ததும் ஒன்றாக இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

போன வருடம் மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். வெளியே பனி கொட்டுகிறது, பாதிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள், எனக்குப் பக்கத்து மேசை றியாஸ் ஜும்மா தொழுகைக்குப் போய்விட்டான். பின்னேரத்துக்குள் மென்பொருளை வாடிக்கையாளரிடம் கொடுக்க வேண்டும், எல்லாம் பச்சை, இந்தக் குரல் சோதனை மட்டும் சிவப்பு. சிவப்பு வந்தால் எங்கள் ஆட்கள் யோசிக்க மாட்டார்கள், முதலில் இன்னொருதரம் ஓடவிடுவார்கள். ஓடவிட்டேன். மறுபடியும் சிவப்பு. அனுப்பிய பதிவை விட வந்த பதிவு நீளம் என்று காட்டியது. நீளமான பகுதியில் என்ன இருக்கிறது என்று ஹெட்ஃபோனைப் போட்டுக் கேட்டேன்.

ஆங்கிலக்காரன் வாசித்து முடித்தான். கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. பிறகு யாரோ போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுவருகிற சத்தம், மூச்சு, அதற்குப் பிறகு ஒரு வயதான அம்மாவின் குரல். “ஹலோ… ஆரது கதைக்கிறது?”

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள், சுத்தமான யாழ்ப்பாணத்துத் தமிழ். நான் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பார்த்தேன். றியாஸ்தான் விளையாட்டுக்குப் பதிவை மாற்றி வைத்திருக்கிறான் என்று நினைத்து அனுப்புகிற பதிவைத் திறந்து பார்த்தேன், அதில் அந்த ஆங்கிலக்காரனைத் தவிர ஒருவரும் இல்லை. திரும்பவும் ஓடவிட்டேன். இந்தமுறை அந்த அம்மா காத்துக்கொண்டிருந்த மாதிரி உடனே பேசினார். “தம்பி, லைனில நிக்கிறீங்களோ? என்ர செல்லவாப்பா வந்தா ஒரு விசயம் சொல்லோணும். நல்லாக் கேளுங்கோ, அவன்ர…”

அதோடு நின்றுவிட்டது. நின்றதற்குக் காரணம் எனக்குத் தெரியும், மறுபக்கத்துப் போன் எவ்வளவு நேரம் பதிய வேண்டும் என்று நான்தான் ஓர் எல்லை வைத்திருந்தேன். அந்தக் குரலில் பயமுறுத்துகிற எதுவும் இல்லை, எத்தனையோ தரம் முயன்று கடைசியில் ஒருவரைப் பிடித்துவிட்ட சந்தோஷம்தான் இருந்தது. அந்த எல்லையைக் கூட்டியிருந்தால் மிச்சத்தையும் கேட்டிருக்கலாம். ஒரேயொரு எண்ணை மாற்றுகிற வேலை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சொல்லவே கூச்சமாக இருக்கிறது. திரையின் மூலையில் மனேஜர் முடிந்துவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறா, நான் அந்த எண்ணைக் கூட்டவில்லை, குறைத்தேன். அனுப்பிய பதிவின் நீளத்துக்கு மட்டும் பதி, அதற்குமேல் வருவதை விடு என்று எழுதினேன். ஓடவிட்டேன். பச்சை. பெட்டிகள் எல்லாம் அழிந்தன, முந்திய பதிவுகளும் அவற்றோடு போயின, ஒன்றைக்கூட நான் எடுத்து வைக்கவில்லை. மனேஜருக்கு முடிந்துவிட்டது என்று எழுதிவிட்டு, நானும் கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக் கோப்பியைக் குடித்தேன்.

றியாஸ் தொப்பியில் பனியோடு வந்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து புத்தளத்தில் வளர்ந்தவன், என்னை விட வயதில் இளையவன், அலுவலகத்தில் தமிழ் பேச எனக்கிருந்த ஒரே ஆள். பகிடியாகச் சொல்லிவிட்டால் என் பயமும் போய்விடும் என்று நினைத்தேன்.

“றியாஸ், உம்மை ஒரு மனுசி தேடினவா.”

“ஆர் அண்ணை?”

“எங்கட குரல் ரெஸ்ருக்குள்ள. உங்கட ஆக்கள் மாதிரிக் கிடக்கு. செல்லவாப்பா வந்தா ஒரு விசயம் சொல்லோணுமாம்.”

அவன் சிரிக்கவில்லை. ஜக்கெற்றைப் பாதி கழற்றினபடி நின்றான்.

“என்ன பேர் சொன்னவ? திருப்பிச் சொல்லுங்கோ.”

சொன்னேன்.

“உம்மா மட்டும்தான் என்னை அப்பிடிக் கூப்பிடுறவ. என்ர மனுசிக்கே அந்தப் பேர் தெரியாது.”

அவனுடைய தாய் ரூஜ் என்கிற பகுதியில் அவனோடுதான் இருக்கிறார், சுகமில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் கதைக்க மாட்டார் என்பது தெரியாது. அன்றைக்குத்தான் சொன்னான்.

“பாரிசவாதம் வந்து ரெண்டு வருசமாகுது அண்ணை. ஒரு சொல்லும் வாயில வரேல்லை. நான் வேலைக்கு வெளிக்கிட்டா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு என்னவோ சொல்லப் பாப்பா. எழுத்துக் காட்டினம், படம் காட்டினம், உதோ, உதோ எண்டு ஒவ்வொண்டாக் கேட்டம். இல்லையெண்டு தலையாட்டிப்போட்டு அழுவா. ஒவ்வொரு நாளும் உது நடக்கும்.” கதிரையை இழுத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருந்தான். “மிச்சம் என்ன சொன்னவ?”

“வெட்டிப்போட்டன் றியாஸ்.”

“எதை?”

“மிச்சத்தை. ரெஸ்ற் பாஸாகோணும் எண்டு.”

அவன் ஏசியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவன் “சரி அண்ணை, திருப்பிப் போடுவமே?” என்று மட்டும் கேட்டான். வீட்டுக்குப் போன் எடுத்தான். உம்மா சாப்பிட்டுவிட்டு நல்ல நித்திரை என்று மனைவி சொன்னாள்.

நான் எழுதியதை அழித்தோம், எல்லையை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவும் கூட்டினோம், ஓடவிட்டோம். ஆங்கிலக்காரன் தன்னுடைய இரண்டு வசனத்தை வாசித்தான், பச்சை வந்தது. திரும்ப, திரும்ப, இருட்டும் வரைக்கும் ஓடவிட்டோம். ஒவ்வொரு முறையும் றியாஸ் ஒரு பக்கத்து ஹெட்ஃபோனைக் காதில் அமத்திப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தான். எல்லாம் பச்சை. அதற்கிடையில் மனேஜர் எல்லாருக்கும் பிரதி போட்டு எனக்கு நன்றி மெயில் அனுப்பினா, ஆட்கள் பெருவிரல் படம் போட்டார்கள், அவன் பக்கத்தில் இருக்க நான் அதை மூடத் தெரியாமல் முழித்தேன். அடுத்த நாட்களில் எல்லாப் பதிவேடுகளையும் தோண்டினேன். ஒரு காரணமும் வரவில்லை.

ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. வேலை அலுப்பில் ஏதோ கேட்டிருப்பாய் என்று நீங்கள் சொல்லலாம், நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிப் பார்த்தேன். ஆனால் அந்தப் பேர் எனக்கு எப்படித் தெரியும்? அதற்கு மட்டும் நீங்கள் பதில் சொல்லுங்கள்.

நோன்புப் பெருநாளுக்கு றியாஸ் வீட்டுக்குக் கூப்பிட்டான். சாட்டுச் சொல்லிப் பார்த்தேன், விடவில்லை. வாசலில் சப்பாத்துக் கழற்றும்போதே சொன்னான். “உம்மா இப்ப அழுறேல்லை அண்ணை. அந்த வெள்ளிக்கிழமையோட விட்டிட்டா. கையைப் பிடிக்கிறதும் இல்லை, ஒண்டும் சொல்லப் பாக்கிறதும் இல்லை. டொக்டர் மருந்து வேலை செய்யுது எண்டுறார்.” சந்தோஷமா கவலையா என்று அவனுக்கே தெரியாத மாதிரிச் சொன்னான்.

அவர் ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தார். அதற்கு முன் நாங்கள் ஒருவரையொருவர் கண்டதே கிடையாது. நான் “எப்பிடி அம்மா இருக்கிறீங்கள்?” என்று கேட்டதும் முகத்தைத் திருப்பி, தெரிந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். றியாஸ் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வட்டிலப்பம் வெட்டிக்கொண்டிருந்தான். உம்மாவின் கண் மெதுவாக அவனிடம் போயிற்று, திரும்பி என்னிடம் வந்தது, புருவம் கொஞ்சம் உயர்ந்தது. அவனிடம் சொல்லிவிட்டாயா? அதற்கு வேறு அர்த்தம் இருக்க முடியாது, நான் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

வெட்கம் என்றால் என்னவென்று அந்த நேரம்தான் எனக்குத் தெரிந்தது. கேட்கவில்லை அம்மா, வெட்டிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். ஆனால் அதைச் சொன்னால் அவர் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், யாரிடம் தொடங்குவார்? நான் ஓமென்று தலையாட்டினேன். அவருடைய தோள் தளர்ந்தது, இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் விரிந்தன, என்னைப் பார்த்துச் சிரித்தார். றியாஸ் தட்டோடு திரும்பியபோது அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் தலையாட்டியது அவனுக்கு இன்றைக்கும் தெரியாது. அதற்குப் பிறகு ரூஜ் பக்கம் நான் போகவில்லை. அலுவலகத்தில் அவன் என்னைக் காணும்போதெல்லாம் கேட்கிறான்.

“ஏன் அண்ணை வீட்டுப் பக்கம் வாறேல்லை? வாங்கோவன். உம்மா உங்களைப் பாத்து மட்டும்தான் சிரிச்சவ.”