கும்ஹெலின் மைதானமும் என் தம்பியும்

சிட்னியின் செவன் ஹில்ஸில் எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமைதான் குப்பை எடுப்பார்கள். லொறி வந்து போனதும் வெறும் தொட்டிகள் தெருவோரத்தில் கோணல்மாணலாக நிற்கும். நான் வேலை முடிந்து வருவதற்குள் எங்கள் தொட்டி வீட்டுச் சுவரோரமாக வந்து சேர்ந்திருக்கும். பக்கத்து வீட்டு க்வின் தன்னுடையதை உள்ளே இழுக்கும்போது எங்களுடையதையும் இழுத்து வைத்துவிடுவார். நாங்கள் கேட்டதும் இல்லை, நன்றி சொன்னதும் இல்லை. பல மாதங்களாக எங்கள் தொட்டி மட்டும் தெருவிலேயே நிற்கிறது. இலங்கையில் எங்கள் ஊரில் அயலவனுக்குக் கோபம் வந்தால் வேலிக்கு மேலால் தலையை நீட்டி எங்கள் பரம்பரையையே இழுத்துத் திட்டுவான். நாங்களும் விடமாட்டோம். பிறகு நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு பலகாரத் தட்டுப் போனால் எல்லாம் சரியாகிவிடும். இங்கே க்வின் இன்றைக்கும் என்னைக் கண்டால் "மோர்னிங்" சொல்கிறார், சிரிக்கவும் செய்கிறார். தொட்டியை மட்டும் தொடுவதில்லை. இந்தக் கோபத்தை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

க்வின் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிறந்தது வேல்ஸில், கும்ஹெலின் என்ற சின்னஞ்சிறு சுரங்க ஊரில். நியூ சவுத் வேல்ஸில் இத்தனை காலம் குப்பை கொட்டியும் பழைய வேல்ஸ் எந்தப் பக்கம் என்று நான் யோசித்ததே இல்லை. க்வின்தான் எனக்கு அதைக் காட்டினார், அதுவும் ஒரு உதைபந்தாட்டக் கழகத்தின் வழியாக. சனிக்கிழமைகளில் அவருடைய பின்வளவில் ஆளுக்கொரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தால் கழகத்தின் கதை தொடங்கும். நிலக்கரி வெட்டியவர்கள் வேலை முடிந்து வந்து, சுரங்கக் கழிவை மண்வெட்டியால் கொட்டி நிரப்பி, மலைச் சரிவில் ஒரு மைதானம் செய்தார்கள். என்ன நிரப்பியும் சரிவு முழுதாகப் போகவில்லை. நாணயம் சுண்டி வென்றவன் முதல் பாதியில் கீழ்நோக்கித்தான் ஆடுவான். தேவாலயப் பாடகர் குழுவின் அங்கித் துணி மிஞ்சியதால் கழகத்தின் நிறம் கத்தரிப்பூ ஊதா ஆனது. வேலைநிறுத்தக் காலத்தில் ஆட்டம் நின்றது. ஆனால் மைதானத்துத் தேநீர்க் கொட்டிலில் ஊருக்கே சூப் காய்ச்சினார்கள். க்வினின் சித்தப்பா டாய் ஒரு கிண்ணப் போட்டியில் பெனால்டியை வானத்துக்கு அடித்தார். சாகும்வரை அவருக்கு 'பெனால்டி டாய்' என்றுதான் பெயர், கல்லறைக்குப் போகும்போதும் அப்படித்தான் சொன்னார்களாம்.

அதைக் கேட்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மன்னார்க் கரையில் எங்கள் ஊரிலும் 'சேம் சைட் சூசை' என்று ஒருவர் இருந்தார். தன் பக்கத்துக் கோலுக்குள்ளேயே பந்தை அடித்தவர். அவருடைய பேரப்பிள்ளைகளையும் ஊர் அந்தப் பெயரால்தான் கூப்பிட்டது. க்வினுக்கு இதைச் சொன்னபோது மனுசன் கண்ணீர் வரச் சிரித்தார். என் சொந்தப் பூட்டனின் பெயர் கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் கும்ஹெலினின் பழைய கோல்காப்பாளர்களை வரிசையாகச் சொல்லுவேன். அப்படி ஊறிப்போயிருந்தேன்.

சுரங்கத்தை மூடியபின் இளவட்டங்கள் ஊரைவிட்டுப் போனார்கள். க்வின் சிட்னிக்கு வந்ததும் அப்போதுதான். கழகத்தை வயோதிபர்கள் சிலர் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் க்வின் கதிரையில் சோர்ந்துபோய் இருந்தார். கடன் ஏறிவிட்டது, யாராவது கழகத்தை வாங்காவிட்டால் இந்தப் பருவத்தோடு முடிந்தது என்று அங்கிருந்து அவருடைய தங்கை சொன்னாராம். நான் யோசிக்கவே இல்லை. என் ஒரே தம்பி அன்ரன் வேல்ஸில் அந்தப் பக்கத்தில்தான் இரண்டு பெற்றோல் ஷெட் வைத்திருக்கிறான். சின்ன வயதில் சாப்பாட்டைவிடப் பந்துதான் அவனுக்குப் பெரிது. என் தம்பியிடம் கேட்கிறேன் என்று நானாகத்தான் வாயைத் திறந்தேன்.

க்வின் ஒன்றே ஒன்று கேட்டார். மைதானத்தை உன் தம்பி வைத்திருப்பானா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரில் விளையாட்டு மைதானம் கோயில் காணி. அதை விற்பதென்றால் பீடத்தில் நிற்கிற புனிதரே இறங்கிவந்து கையெழுத்துப் போடவேண்டும். மைதானத்தைப் பறிகொடுப்பது எனக்குத் தெரியும். ஒருவன் அதை விற்பான் என்பது என் மண்டையில் ஏறாத விஷயம். "ஹூ செல்ஸ் எ கிரவுண்ட், க்வின்?" என்று அவருடைய தோளில் தட்டினேன். நான் சொன்னது என் அறியாமை. க்வின் அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டார். இவன் என் அயலவனின் தம்பி, நம்பலாம் என்று தன் ஊருக்குச் சொன்னார். சின்ன ஊர்களில் இந்த ஒரு சொல் போதும். எங்கள் ஊரென்றாலும் அப்படித்தான் நடந்திருக்கும்.

அன்ரன் கழகத்தை வாங்கினான். முதல் பருவம் திருவிழாதான். ஊதாச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அன்ரன் படம் அனுப்பினான். தேநீர்க் கொட்டிலில் மட்டன் ரோல்ஸ் விற்றான். இடைவேளையில் கிழவர்கள் ரோல்ஸுக்குக் கியூவில் நிற்கிறார்கள், கோல் விழுந்தாலும் திரும்பிப் பார்க்கிறார்களில்லை என்று க்வினின் தங்கை சொல்ல, எங்கள் இரண்டு வீட்டிலும் ஒரே கொண்டாட்டம். ரெஜினாகூட, என் மனைவி, பந்து உருண்டையா சதுரமா என்று கேட்கிறவள், அன்றைக்கு ரோல்ஸ் சுட்டு வேலிக்கு மேலால் கொடுத்தாள்.

அடுத்த பருவம் தொடங்குமுன் மைதானத்தைச் சுற்றித் தகர வேலி வந்தது. அன்ரன் நிலத்தை விற்றுவிட்டான், அங்கே வீடுகள் கட்டப்போகிறார்களாம். கும்ஹெலின் அணி இனி மலைக்கு அந்தப் பக்கத்து ஊரின் மைதானத்தில் ஆடுமாம். தலைமுறை தலைமுறையாகப் பகைத்து, அடிபட்டு, மூக்குடைத்துக்கொண்ட அதே ஊர்! நான் உடனே தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணன், கிளப்பை நான் சாகவிடேல்லை. பேர் இருக்கு, ரீம் இருக்கு. கடனும் அடைச்சாச்சு."

"கிறவுண்ட் எங்கயடா?"

"அது வெறும் புல்லுத்தானே. அதுவும் சரிஞ்ச நிலம்."

"நீயோடா இதைச் சொல்லுறாய்? கம்பிக்கு முன்னால இருந்து அழுதவன் நீதானேடா!"

எங்கள் மைதானத்தைப் படைமுகாமுக்காக முட்கம்பி போட்டு அடைத்தபோது அன்ரன் பள்ளிக்கூடப் பெடியன். தன் பந்தை உள்ளே தவறவிட்டுவிட்டு அந்தக் கம்பியைப் பிடித்தபடி குந்தியிருந்தான். அம்மா போய் இழுத்தும் வரவில்லை. பிறகு நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன்.

போனில் அவன், "எங்கட கிறவுண்டைப் பிடிச்சவன் எங்களிட்டக் கேட்டவனோ, அண்ணன்? எங்களுக்காண்டி ஆர் அழுதது?" என்றான்.

"பிடிச்சவன் ஒருத்தன். நீ கழுத்தறுத்தது வேறொருத்தனையடா."

அவன் போனை வைத்துவிட்டான். கூடப்பிறந்தவன் என்று நம்பி என் முகத்தை ஈடு வைத்தேன், அதைக் கொண்டுபோய் விற்றுவிட்டான், பாவி.

மறுநாள் க்வின் வீட்டு முன்கதவைத் தட்டினேன். ஒருநாளும் அந்த வழியால் போனதில்லை, எப்போதும் பின்வளவுதான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "நொட் யுவர் ஃபோல்ட், மேட்" என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்தினார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அவர் தங்கமான மனுசன், மன்னித்துவிட்டார் என்று ரெஜினாவிடம் வந்து சொன்னேன். அந்தச் செவ்வாய்க்கிழமைதான் எங்கள் தொட்டி முதன்முறையாகத் தெருவில் தனியாக நின்றது.

இதோடு முடிந்திருந்தால் தம்பியை வெறுத்துவிட்டாவது நிம்மதியாக இருந்திருப்பேன். எங்கள் ஊரில் படைமுகாமை எடுத்து, கோயில் காணியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மைதானம் புதராய்க் கிடந்தது. பங்குச் சுவாமி வெளிநாட்டிலிருக்கும் ஊர்ப் பிள்ளைகளிடம் உதவி கேட்டார். எல்லாவற்றையும் நான் செய்கிறேன் என்று அன்ரன் எழுந்தான். மண் நிரப்பி, புல் வளர்த்து, மதில் கட்டி, லைட்டும் போட்டுக் கொடுத்தான். பூசையில் அவனுக்காக விசேஷமாக மன்றாடினார்களாம். அது எந்த மைதானத்தின் காசு என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"நல்லதுக்குத்தானே செய்திருக்கிறார், விடுங்கோவன்" என்றாள் ரெஜினா.

"ஆற்ர காணியை வித்து ஆருக்கு நல்லது செய்யிறது?" என்று அவள்மேல் பாய்ந்தேன். அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

திறப்புவிழாவுக்கு அன்ரனும் ஊருக்குப் போயிருந்தான். அந்த ஆட்டத்தைப் பார்ப்பதில்லை என்று சபதம் போட்டிருந்தேன். போன சனிக்கிழமை, பொழுது மங்கிய நேரம், பின்வளவில் இருந்தபடி போனில் நேரலையைத் திறந்துவிட்டேன். என்ன சொல்ல! கம்பி நின்ற இடத்தில் பச்சைப் புல். கோயில் கோபுரத்துக்குப் பின்னால் கடல். நான் பிறப்பதற்கு முன்னிருந்தவர்களின் பெயர்களையெல்லாம் தாங்கிய சின்னப் பெடியள், எங்கள் நீலச் சட்டையோடு ஓடுகிறார்கள். ஒருவன் இடது பக்கத்தால் இரண்டு பேரை வெட்டிக்கொண்டு போய் ஓங்கி ஒரு அடி. வலை குலுங்கியது.

"கோல்!" என்று கத்திக்கொண்டு நான் எழும்பிவிட்டேன். கதிரை பின்னால் விழுந்தது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "ஹூ ஸ்கோர்ட்?"

க்வின். "மோர்னிங்" தவிர வேறெதுவும் சொல்லாதிருந்த மனுசன், தன்னை மறந்து கேட்டுவிட்டார். எந்த வாயால் எங்கள் ஆட்கள் என்று சொல்ல? ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போலவும் இருந்தது. வாயைத் திறப்பதற்குள் போன் முந்திக்கொண்டது. கோல் அடித்த பெடியன் ஓடிப்போய் முன்வரிசையில் இருந்த தம்பியைக் கட்டிப்பிடித்தான். தம்பியைத் தோளில் தூக்கினார்கள். ஊர் முழுவதும் கைதட்டிக்கொண்டு கத்தியது: "அன்ரன்! அன்ரன்!"

அந்தப் பெயர் க்வினுக்குத் தெரியும். நான் அவசரமாகப் போனை வயிற்றோடு அமுக்கினேன், சத்தம் அதற்குள்ளிருந்தும் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் கதவு சாத்துவது கேட்டது. விழுந்த கதிரையை நிமிர்த்தி உட்கார்ந்து, மிச்ச ஆட்டத்தையும் பார்த்தேன்.