ஏழாம் நம்பர் சேனல்

போன வாரம் ஒரு காலையில் எங்கள் வீட்டு டிவி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. அதன் பிறகு எந்தச் சேனலும் பழைய இடத்தில் இல்லை. செய்தி வந்த இடத்தில் சமையல், சமையல் வந்த இடத்தில் கன்னட பக்திப் பாட்டு. என் கணவர் ரிமோட்டை என்னிடம் நீட்டி, "நீ கேபிள் ஆபீஸ்ல இருந்தவதானே, இன்னான்னு பாரு" என்றார். உண்மைதான். கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கேபிள் ஆபீசில் பல வருடம் வேலை பார்த்தேன். இந்த விஷயத்தில் எனக்கு ஒன்றும் புரியாது என்று உறுதியாகத் தெரிந்துகொண்டதே அங்கேதான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஒயரை அசைத்துப் பார்ப்போம் என்று டிவிக்குப் பின்னால் குனிந்தேன். சூடேறிய தூசியின் வாசனை. உங்கள் வீட்டிலும் அடித்திருக்கும், கவனித்திருக்க மாட்டீர்கள். எனக்கு அது எங்கள் கன்ட்ரோல் ரூமின் வாசனை. மாடியில் தகர ஷீட் போட்ட ஒற்றை அறை, சுவர் முழுக்க ரிசீவர் பெட்டிகள், இரண்டு டேபிள் ஃபேன். ஃபேன் பெட்டிகளுக்குத்தான், எங்களுக்கு இல்லை.

ஓனர் பாஸ்கரண்ணன் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். சுரங்கத்தை மூடியதும் டிஷ் வாங்கி மாடியில் வைத்தார். போன் எடுப்பதும், எங்கள் சொந்தச் சேனலில் டைப் செய்வதும் என் வேலை. அந்தச் சேனல் ஏழாம் நம்பரில் வரும். மேலே பழைய படம் ஓடும், கீழே ஊர்ச் செய்தி வரிவரியாக ஓடும். காணாமல் போன மாடு, டியூஷன், தண்ணீர் வராத நாள். ஆனால் ஜனங்கள் பார்த்தது மரணச் செய்திக்காக. யார், சுரங்கக் குடியிருப்பில் எந்த லைன் வீடு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள். பிள்ளைகள் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட, வீட்டில் தனியாக இருந்த பென்ஷன்காரர்கள் அந்த வரியைப் பார்த்துத்தான் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள்.

பிறகு டிஜிட்டல் வந்தது. வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வைக்க வேண்டும், சிக்னல் இனிமேல் பெங்களூரிலிருந்து வரும் என்றார்கள். பாஸ்கரண்ணன் மீட்டிங்குக்குப் போய் ஒரு ஃபைல் நிறையக் காகிதத்தோடு திரும்பினார். "மூணு பொக்கே குடுத்துகீறாங்கம்மா" என்றார். நான் பூச்செண்டு என்று நினைத்து, எங்கே என்று அவர் கையைப் பார்த்தேன். சேனல்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்திருப்பதற்கு அந்தப் பெயராம். "இதெல்லாம் உங்களுக்குப் புரிஞ்சுதாண்ணே?" என்று கேட்டேன். "புரியல. நீ போன்ல புரிஞ்ச மாதிரி பேசு" என்றார்.

பேசினேன். ஏழாம் நம்பர் மூன்று இலக்க நம்பர் ஆனது. அதை எல்லோரும் மனப்பாடம் செய்வதற்குள் வேறு நம்பர். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். சொன்னதில் எத்தனை சரி என்று இன்றுவரை தெரியாது.

ஒருநாள் காலை நந்திதுர்க் சுரங்க லைனிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவளுடைய அப்பா ஏழுமலை தவறிவிட்டார், சாயந்தரம் நாலு மணிக்கு எடுக்கிறார்கள். 'ஃபிட்டர் ஏழுமலை' என்று டைப் செய்து ஓடவிட்டேன். எங்கள் மானிட்டரில் வரி அழகாக ஓடியது. வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஒரு பெரியவர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறி வந்தார். சுரங்கத் தூசி தின்ற நுரையீரல், நாலு படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். மாணிக்கம் என்று பேர் சொன்னார்.

"எங்க கீதும்மா நம்ம சேனலு? நேத்து பகலெல்லாம் ஒவ்வொரு நம்பரா அமுக்கினு இருந்தேன். பால்காரர் வந்து சொல்லித்தான் ஏழுமலை போனது தெரியும். அதுக்குள்ள எடுத்துட்டாங்க. இருபது வருசம் ஒரே கேஜ்ல பூமிக்குள்ள எறங்கினவங்கம்மா நாங்க."

நான் காகிதத்தைப் பார்த்து ஒரு நம்பர் சொன்னேன். "அது ஜப்பான்காரன் பொம்மைப் படம்மா" என்றார். பாஸ்கரண்ணன் பெங்களூருக்குப் போன் போட்டார். முந்தாநாளே நம்பர் மாறிவிட்டது, மெயில் அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். மெயில் பார்ப்பது என் வேலையா, அண்ணன் வேலையா என்பது எங்களுக்குள் தீராமலே இருந்த குழப்பம்.

மாணிக்கம் திட்டவில்லை. "இன்னா எழுதினே, படி" என்றார். படித்தேன்.

"ஃபிட்டரா? டிம்பர்மேன்மா அவன். பாறை தலைமேல எறங்காம மரம் முட்டுக் குடுக்கறவன். அவன் முட்டுக்குக் கீழதான் நான் உசுரோட வேல செஞ்சேன். மாத்தி எழுது."

மாற்றினேன். திரும்ப ஓடவிடட்டுமா என்று பாஸ்கரண்ணனைப் பார்த்தேன். "எடுத்தாச்சேம்மா" என்று தொடங்கியவர், பெரியவரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மேலே ஏதோ படத்தில் நகைச்சுவைக் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதை நிறுத்தினார். கறுப்புத் திரையின் கீழே அந்த ஒரு வரி மட்டும் வந்தது.

அந்த நம்பரை ஊரில் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். மாணிக்கம் மட்டும் எங்கள் சின்ன மானிட்டருக்கு முன்னால் எழுந்து நின்று பார்த்தார். மூன்று முறை வரி போய் வரும்வரை உட்காரவில்லை. பிறகு, "சரிம்மா. அவன் பொண்ணைப் பார்த்துட்டுப் போறேன்" என்றார். பாஸ்கரண்ணன் அவரைத் தன் ஸ்கூட்டரிலேயே நந்திதுர்க்குக்குக் கூட்டிப்போனார். அன்று மத்தியானம்வரை வந்த புகார்களை எல்லாம் நான் ஒருத்தியே புரிந்த மாதிரி பேசிச் சமாளித்தேன்.

அடுத்த வருடம், சொந்தச் சேனல் நடத்தப் புதிதாக ஏதோ அனுமதி வேண்டும் என்றார்கள். கோலாரில் கேட்டால் பெங்களூர் என்றார்கள், பெங்களூரில் கேட்டால் கோலார் என்றார்கள். அலைந்து சலித்து பாஸ்கரண்ணன் சேனலை மூடினார். கொஞ்ச நாளில் ஆபீசையே விற்றுவிட்டார். அந்த மாடி அறையில் இப்போது யாரோ பழைய சைக்கிள்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். மரணச் செய்தி போனில் குரூப்புக்கு வருகிறது. அதன் கீழேயே ஒருவர் காலை வணக்கம் ரோஜாவைப் போட, செய்தி மேலே போய்விடுகிறது. சென்ற மாதம் உயிரோடு இருக்கும் ஒருவருக்கு நான் அஞ்சலி போட்டுவிட்டேன். அவரே நன்றி சொன்னார்.

மாணிக்கம் தவறியபோது அவர் மருமகள் எனக்குப் போன் செய்தாள். "அக்கா, மாமா போய்ட்டாரு. சேனல்ல போட்டுடுங்க." நான் எந்த லைன், எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று வரிசையாகக் கேட்டு, பால் கணக்குத் தாளின் பின்பக்கத்தில் முழு வரியும் எழுதிக்கொண்டேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்தும் பார்த்தேன். போனை வைத்த பிறகுதான், அதை ஓடவிட இடம் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.