பதினெட்டு வளைவும் ஒரு தூக்குச்சட்டிப் பணியாரமும்

கம்பத்திலிருந்து மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர்களில் குருசாமியைப் போல நெஞ்சுரம் படைத்தவர் கிடையாது என்றொரு கருத்து இருபத்தாறு வருடமாக நிலவி வந்தது. அதை முதன்முதலில் வெளியிட்டவர் குருசாமி. நிறம் மங்கும்போதெல்லாம் புதுச்சாயம் பூசி வந்தவரும் அவரே.

உள்விவகாரம் வேறு. குருசாமிக்குப் பள்ளத்தைக் கண்டால் பயம். வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடச் சொன்னால், நட்டநடுவில் குத்தவைத்து உட்கார்ந்து, கொடியைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொரு துணியாக மாட்டுகிற ஆள். அப்படிப்பட்டவர் மலைப்பாதையில் ஜீப் ஓட்டப் போனதற்குக் காரணம் மாமனார். கல்யாணத்தன்று அவர் ஒரு பழைய ஜீப்பைக் கொண்டுவந்து பந்தல் முன்னால் நிறுத்தி, "மாப்ளே, இனி மலை ஒங்களோடது" என்றார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்ல மரியாதை விடவில்லை. பயமாயிருக்கிறது என்று சொல்ல மீசை விடவில்லை.

முதல் நாள் மூன்றாவது வளைவிலேயே முழங்கால் இரண்டும் தந்தி அடிக்கத் தொடங்கின. பக்கத்து சீட்டில் ராக்கம்மாள் உட்கார்ந்திருந்தார். தன்னோடு சேர்த்துப் பதிமூன்று பெண்களைத் தோட்டத்துக்கு ஏலக்காய் எடுக்கக் கூட்டிப் போகிறவர். பேச்சில் சிக்கனம், பார்வையில் தாராளம். அவர் மடியிலிருந்த தூக்குச்சட்டியைத் திறந்து, ஒரு கருப்பட்டிப் பணியாரத்தை எடுத்து, "பசிக்குதாப்பா? இந்தா" என்று வாய்க்குள் திணித்தார்.

குருசாமி மென்றார். முழங்கால் நின்றுவிட்டது.

மருத்துவ உலகம் இன்றுவரை அறியாத ஒரு கண்டுபிடிப்பு அன்று அந்த மூன்றாவது வளைவில் நிகழ்ந்தது: தாடை ஆடும்போது முழங்கால் ஆடாது. அன்றிலிருந்து வளைவுக்கு அரைப் பணியாரம் என்று சட்டமாகிவிட்டது. அந்தச் சாலையில் சர்க்காரின் எண்ணிக்கைக்கு எத்தனை வளைவோ தெரியாது, குருசாமியின் முழங்கால் எண்ணிக்கைக்குப் பதினெட்டு. ஏற்றத்துக்கு ஒன்பது, இறக்கத்துக்கு ஒன்பது, ஆக நாளுக்குப் பதினெட்டுப் பணியாரம். இருபத்தாறு வருடத்தில் லட்சத்தைத் தாண்டியிருக்கும். தேசத்துக்காகக்கூட யாரும் இவ்வளவு சாப்பிட்டதில்லை.

பின்சீட்டுப் பெண்கள், "அண்ணனுக்கு நல்ல பசி" என்று சொல்லிக்கொள்வார்கள். குருசாமி அதைக் கேட்டு ரகசியமாகப் பெருமூச்சு விடுவார். நல்லவேளை, பசி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பொற்காலம் போன புரட்டாசிக் கடைசியில் முடிவுக்கு வந்தது. கால் மரத்துப்போகிறதென்று மனைவி அனுசுயா அவரை ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப் போனார். சர்க்கரை முந்நூற்று நாற்பது.

"இனிப்பு சாப்பிடுவீங்களா?" என்றார் டாக்டர்.

"தொழில் சம்பந்தமா மட்டுந்தான் சார்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அனுசுயாவே ஜீப் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார். ஏறி உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்துக் கையை இடுப்பில் வைத்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இனி இந்த வண்டிக்குள்ள இனிப்பு வாசம் அடிக்கக் கூடாது. யக்கா, ஒங்களுக்குந்தான். அந்தத் தூக்குச்சட்டிய நான் பாக்கலன்னு நெனச்சுக்கிறாதீக."

ராக்கம்மாள் தூக்குச்சட்டியை முந்தானைக்குள் நகர்த்தினார். "அப்ப அவருக்கு என்னதான் குடுக்க?"

"வெள்ளரிக்கா."

வெள்ளரிக்காயைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீர்ச்சத்து மிக்கது, மலிவானது, யாருக்கும் கெடுதல் நினைக்காதது. ஆனால் எட்டாவது வளைவில், இடப்பக்கம் உலகமே முடிந்துபோனது போல ஒரு பள்ளம் வாயைத் திறக்கையில், அது எந்த உதவியும் செய்யவில்லை. இரண்டு கடியில் தண்ணீராகித் தொண்டைக்குள் ஓடிவிட்டது. குருசாமி வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, பானெட்டைத் திறந்து, கோளாறே இல்லாத என்ஜினை இருபது நிமிடம் முறைத்துப் பார்த்தார்.

"சூடாகிருச்சு" என்றார்.

மறுநாளும் சூடானது. அதற்கடுத்த நாள் மழை கொட்டி ஊரே குளிர்ந்து கிடந்தபோதும் சூடானது. தோட்டத்து மேஸ்திரி வாசலிலேயே நின்று கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

இந்த நேரத்தில்தான் பிரின்ஸ் வந்தான். குமுளிப் பக்கத்துக்காரன், இருபத்தொன்பது வயது, புது ஜீப், நான்கு ஸ்பீக்கர். வளைவு வந்தால் ஸ்பீக்கரையும் மிஞ்சித் தானே பாடுவான். பானெட்டுக்குள் தலையை விட்டிருக்கும் குருசாமியைத் தாண்டும்போது கையை ஆட்டி, "சேட்டா, வண்டி இன்னைக்கும் அடுப்பு பத்த வச்சிருச்சா?" என்பான்.

"பிரின்ஸ் அண்ணன் வண்டில போனா எட்டு மணிக்கெல்லாம் தோட்டத்துல இருக்கலாம்" என்றாள் கயல். பின்சீட்டில் ஆக இளையவள், வாயில் ஆக மூத்தவள். "பாட்டும் கேட்டுக்கலாம்."

குருசாமிக்குக் கேட்டது. எதற்காகச் சொன்னாள் என்பதும் தெரியும். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. தோட்டம் மூடுவதற்கு முந்தின கடைசி வேலைநாளில், அந்தப் பெண்கள் தங்கள் ஜீப்பின் அருகே அண்டாவை வைத்து, எல்லார் சோற்றையும் குழம்பையும் அதில் கொட்டிப் பிசைந்து சாப்பிடுவார்கள். வருடம் முழுக்க உருளாமல் கொண்டுவந்து சேர்த்ததற்கு நன்றியாக முதல் உருண்டை டிரைவருக்கு. எவள் எந்த ஜீப்பின் அண்டாவில் சாப்பிடுகிறாளோ, அடுத்த தீபாவளி வரை அவளுக்கு அந்த ஜீப்தான். கையெழுத்து இல்லை, சாட்சி இல்லை. பாராளுமன்றத் தேர்தலைவிட ஒழுங்காக நடந்து வரும் ஏற்பாடு. அண்டா பிரின்ஸின் ஜீப் பக்கம் போனால், குருசாமி வெறும் வண்டியை வைத்துக்கொண்டு ஸ்டாண்டில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அண்டா எந்தப் பக்கம் இறங்கும் என்று பதிமூன்று பேரில் ஒருத்தியும் வாய்விடவில்லை.

அந்தக் கடைசி நாளும் வந்தது. ஐப்பசி அடைமழை விட்டிருந்தது, ஆனால் மலையே காணோம். இருந்த இடத்தில் வெள்ளையாக மூட்டம். குருசாமி மஞ்சள்பையில் மூன்று வெள்ளரிக்காயோடு, தூக்குமேடைக்குப் போகிறவரின் கம்பீரத்தோடு வண்டியில் ஏறினார். பின்னால் பிரின்ஸின் ஜீப் ஏழெட்டுப் பேரோடு உறுமிக்கொண்டு நின்றது. இடம் நிறையவே இருந்தது. அது தற்செயல் என்று குருசாமியால் நம்ப முடியவில்லை.

முதல் வளைவு. முழங்கால் கணக்குப் பார்க்கத் தொடங்கியது. அவர் மஞ்சள்பைக்குக் கை நீட்டுவதற்குள் ராக்கம்மாள், "வாயத் தொற" என்றார்.

கொள்ளுச் சுண்டல். காய்ந்த மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டது. மெல்ல மெல்ல மென்றுகொண்டே இருக்கலாம் போன்ற கொள்ளு.

இரண்டாவது வளைவில் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை. கயலின் கை. மூன்றாவதில் பாகற்காய் வறுவல், நான்காவதில் அவித்த மொச்சை, ஐந்தாவதில் உப்புப் போட்ட கம்பங்கொழுக்கட்டை. ஆறாவதில் மறுபடியும் பாகற்காய். ஏழாவதிலும் பாகற்காய். பெண்கள் ஆளுக்கொரு பதார்த்தம் என்று பேசிவைத்தும் மூன்று பேர் பாகற்காயே கொண்டுவந்திருந்தார்கள் என்பது பிற்பாடு பெரிய சண்டையானது.

எட்டாவது வளைவைத் தாண்டியபிறகுதான் குருசாமிக்கு வாய் காலியானது.

"என்னக்கா இதெல்லாம்? எனக்குப் பசிக்கவே இல்லையே."

"ஒனக்குப் பசின்னு யாருப்பா சொன்னா?" ராக்கம்மாள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நீ பயந்தாங்குளின்னு எங்களுக்கு மொத நாளே தெரியும்."

ஜீப் ஒரு குலுங்கு குலுங்கியது. சாலையில் குழி எதுவும் இல்லை.

"இருவத்தாறு வருசமாவா?"

"பணியாரம் வாய்க்கு வர்றதுக்குள்ள முழங்காலு ஸ்டீரிங்குல தட்டுற சத்தம் கடைசி சீட்டு வரைக்கும் கேக்கும்ணே" என்றாள் கயல். "நான் வந்து ரெண்டு வருசந்தான். எனக்கே தாளம் மனப்பாடம்."

"தெரிஞ்சுமா எங்கூட வந்தீக?"

"தெரிஞ்சதாலதான் வந்தோம்" என்றார் ராக்கம்மாள். "பயமில்லாதவன் வண்டில எவ ஏறுவா? பயந்தவந்தான் வளைவுக்கு வளைவு ஆரன் அடிப்பான். பிரேக்க வாராவாரம் பாப்பான். எங்க வீட்ல பிள்ளைக காத்துக் கெடக்குல்ல. ரோட்டப் பாரு. ஒம்போதாவது வருது, வாயத் தொற."

வறுத்த கடலை. குருசாமி ஆரனைத் தேவைக்கு மேல் இரண்டு தடவை அடித்தார். அதற்கு வளைவுதான் காரணம் என்று அவர் இன்றும் சாதிப்பார்.

பதிமூன்று பெண்கள், பதிமூன்று டப்பா. பதிமூன்றாவது வளைவோடு தளவாடங்கள் தீர்ந்தன. பதினான்காவதில் மூட்டம் வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. பின்னால் அதுவரை மலையை அதிரவைத்துக்கொண்டு வந்த பிரின்ஸின் பாட்டு, பாதி வரியில் அறுந்தது.

அமைதி. அதுதான் பயங்கரமாக இருந்தது.

குருசாமி வண்டியை நிறுத்தினார். இறங்கினார். என்ஜினைப் பார்க்க அல்ல. மலைப்பக்கத்துப் பாறையை இரண்டு கையாலும் தடவிக்கொண்டு, பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து, பின்னால் போனார். மறுபக்கம் பள்ளம் இருந்தது. அவர் அதோடு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. பிரின்ஸ் ஸ்டீரிங்கைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"பாட்டு வரல சேட்டா" என்றான். உதடு வெளுத்திருந்தது.

குருசாமி குனிந்து அவன் முழங்காலைப் பார்த்தார். இருபத்தாறு வருட அனுபவம் பேசியது. ஆக, அவ்வளவு பாட்டும் இதற்குத்தானா! தன் இனத்தான் ஒருவனைத் தொலைதூரத்தில் கண்டுகொண்ட மகிழ்ச்சி அவர் முகத்தில் பரவியது. மஞ்சள்பையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்து நீட்டினார்.

"மெல்லு. நிறுத்தாம மெல்லு. என் பின்னாடி செவப்பு லைட்ட மட்டும் பாத்துக்கிட்டே வா."

இளரத்தம் அல்லவா, வெள்ளரிக்காயே போதுமானதாக இருந்தது.

மிச்சமிருந்த வளைவுகளைக் குருசாமி எதையும் தின்னாமல் கடந்தார். அதற்கு நேரமே இல்லை. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஏலே, லைட்டப் போடுறா! ஒடிக்காத, ஒடிக்காத! அங்கன பாறை இருக்கு, இங்கன வா!" என்று வழிநெடுகக் கத்திக்கொண்டே போனார். தாடை ஒரு நொடி ஓயவில்லை. முழங்கால் தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று கண்டு அடங்கிவிட்டது.

பதினெட்டாவதைத் திரும்பியதும் தோட்டத்து வாசல். மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு அடிக்க ஐந்து நிமிடம்.

மத்தியானம் குருசாமி யார் கண்ணிலும் படாமல் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தொம்மென்று ஒரு சத்தம். அண்டா அவருடைய ஜீப்பின் முன்சக்கரத்தை ஒட்டி இறங்கியிருந்தது. புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, மொச்சைக்குழம்பு, கருவாட்டுக்குழம்பு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பிரின்ஸின் ஜீப்பில் வந்தவர்களும் தங்கள் டப்பாக்களை அதே அண்டாவில் கவிழ்த்தார்கள். முறைப்படி பார்த்தால் இருபத்தொரு பேரும் இனி குருசாமியின் வண்டிக்கு. சட்டச்சிக்கல் எழுந்தது. பிரின்ஸ் தன் வண்டியோடு குருசாமியின் பின்னாலேயே வருவது, சிவப்பு விளக்கை மீறுவதில்லை என்று தீர்ப்பாயிற்று.

ராக்கம்மாள் முதல் உருண்டையை உருட்டி நீட்டினார். குருசாமி அதை வாங்கி, அவர் வாயருகே திருப்பிக் கொண்டுபோனார்.

"ஏலே, நானா வண்டி ஓட்டுறேன்?"

"வேற யாரு ஓட்டுனாகளாம்?"

ராக்கம்மாள் பதில் சொல்ல வாயைத் திறந்தார். உருண்டை உள்ளே போய்விட்டது. அவர் கண்கலங்கியதை மற்ற எல்லாரும் பார்த்தார்கள். கருவாட்டுக்குழம்பில் காரம் என்று ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது.

சாயங்காலம் இறக்கம். தீபாவளிக்கு நான்கு நாள் லீவு. பின்சீட்டில் சிரிப்பும் சேலைப் பேச்சும். மூட்டம் கலைந்து, கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைத் தோட்டமும் வாழையுமாக, தேவையில்லாத அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. முதல் வளைவு நெருங்கியது. ராக்கம்மாள் முந்தானைக்குள்ளிருந்து தூக்குச்சட்டியை எடுத்தார். உள்ளே ஒரே ஒரு கருப்பட்டிப் பணியாரம்.

"அனுசுயாகிட்டச் சொல்லிட்டேன். தீபாவளிக்கு ஒண்ணே ஒண்ணுன்னு விட்டுருக்கா." அதை இரண்டாகப் பிய்த்தார். ஒரு பாதியை மறுபடியும் மூடிவைத்தார். "பசிக்குதாப்பா?"

குருசாமி பள்ளத்தைப் பார்த்தார். பின்சீட்டைப் பார்த்தார். பின்னால் வெள்ளரிக்காயும் கையுமாக வந்துகொண்டிருந்த பிரின்ஸைக் கண்ணாடியில் பார்த்தார். நெஞ்சை நிமிர்த்தி, ஆரனை ஓங்கி அடித்து, மலைக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"இல்லக்கா. பயமா இருக்கு!"

வாயைத் திறந்தார்.