எதிரிக்கு வந்த வாந்தி

இந்த வழக்கைப் பற்றி எழுதலாமா என்று என் கட்சிக்காரனிடம் முறைப்படி அனுமதி கேட்டேன். அவன் ஜீப்பை ஓட்டிக்கொண்டே யோசித்தான். "தீர்ப்புலயே ஏறிப்போச்சு, இனி என்னக்கா. எம்பேரு வேணாம். எந்த வளைவுன்னும் எழுதிறாதீக" என்றான். இரண்டு நிபந்தனைகளுக்கும் சம்மதித்தேன்.

நான் போடியில் கிரிமினல் வழக்கு நடத்துகிற வக்கீல். எப்போதும் எதிரி தரப்பு. நீதிமன்றத் தமிழில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்று பெயர். யாருக்கு எதிரி என்று எந்தக் காகிதத்திலும் இருக்காது. ஒன்றும் நிரூபணம் ஆகாத முதல் வாய்தாவிலேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

என் நாத்தனார் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தால் தவறாமல் கேட்பார். "ஏன் மதினி, அடிச்சவன் வெட்டுனவனுக்கெல்லாம் போயி நிக்கிறீகளே, ஒரு மாதிரியா இருக்காதா?" நியாயத்துக்காக என்று சொன்னால் சாம்பார் வருவதற்குள் பேச்சு முடிந்துவிடும் என்பதால் அதையே சொல்லி வருகிறேன். உண்மை வேறு. சுவரில் காலண்டர் கோணலாகத் தொங்கினால் அதை நேராக்காமல் என்னால் உட்கார முடியாது. குற்றப்பத்திரிகையும் எனக்கு அப்படித்தான்.

இந்தக் குற்றப்பத்திரிகை நன்றாகவே கோணியிருந்தது. ஒரு நாள் காலையில் ஜீப் ஸ்டாண்டில் யார் முதலில் லோடு ஏற்றுவது என்று தகராறு. கூட்டத்தில் யாரோ ஜாக்கிக் கம்பியால் அடித்ததில் ஒரு டிரைவருக்குக் கை முறிந்தது. அடித்தது யார் என்று தெரியாத நிலையில், முந்தின வாரம் அவரோடு வாய்ச்சண்டை போட்டிருந்த என் கட்சிக்காரனின் பெயர் புகாரில் ஏறியது. எலும்பு முறிவு என்பதால், தண்டனை என்றால் சிறைதான். அவன் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவன் ஒருவன்.

"அந்த நேரம் நீ எங்கப்பா இருந்த?" என்று கேட்டேன்.

"மலைலக்கா. எஞ்ஜீப்பு ஒர்க்‌ஷாப்புல கெடந்துச்சு. எஸ்டேட்ல ஒரு சோலி. அடுத்தவன் ஜீப்புல ஏறிப் போனேன்."

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல."

"ஜீப்புல வேற யாருமே இல்லையா?"

"ஏலக்காய் பறிக்கப் போற பொம்பளைக இருந்தாக."

"எத்தன பேரு?"

"ஜீப்பு நெறைய."

அவன் தரையைப் பார்த்தான். வக்கீலிடம் சொன்னது வெளியே போகாது, சட்டமே அப்படி என்று விளக்கினேன். கதவைச் சாத்தச் சொன்னான். ஜன்னலையும் சாத்தச் சொன்னான். பிறகு சொன்னான்.

"நா ஓட்டுனா ஒண்ணும் ஆகாதுக்கா. பின்னாடி ஒக்காந்து போனா வாந்தி வந்துரும்."

போடிமெட்டுக்குத் தினமும் ஜீப் ஓட்டுகிறவன் அவன். அன்று அந்த ஜீப்பில் இருந்த அத்தனை பெண்களும் அவனுடைய வாந்தியைப் பார்த்திருந்தார்கள். அவனைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சியம் அதுதான். அதை மட்டும் கோர்ட்டில் சொல்லக் கூடாது என்றான்.

"வாந்தி எடுக்குற டிரைவர்னு தெரிஞ்சா எஞ்ஜீப்புல எவக்கா ஏறுவா?"

"ஜெயிலுக்குப் போனா மட்டும் ஏறுவாகளா?"

"கைய ஒடச்சவன்னாக்கூட ஏறுவாகக்கா."

தொழில் கணக்காகப் பார்த்தால் அதில் பிழை இல்லை.

அன்று ஜீப்பில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போன பெண்ணைத் தேடிப்பிடித்தேன். சிலமலை ஊர்க்காரர். சாட்சிக்கு நான் சொல்லிக்கொடுப்பதில்லை. நடந்ததைச் சொல்லுங்கள், மேலுக்கு முடியாமல் இருந்தார் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னேன். அவன்தான் விடாமல் கெஞ்சினான்.

"ஆத்தா, அந்த வார்த்தைய மட்டும் கோர்ட்டுல சொல்லிறாத."

"ஏப்பு, நா என்ன சின்னப்புள்ளயா? அந்த வார்த்த என் வாயிலருந்தே வராது."

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வினை அங்கேதான் வந்தது.

சாட்சி சொல்கிற அன்று பின் பெஞ்சுகளில் ஸ்டாண்டின் பாதி டிரைவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூண்டேறிய சாட்சியிடம் வழியில் என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் எதிரியைக் கனிவோடு ஒரு முறை பார்த்தார்.

"வழிநெடுகச் சர்த்திச்சாருங்கய்யா" என்றார்.

மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் வாந்தியைச் சர்த்தி என்பார்கள். எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள் வாயிலும் அது புழங்கும். கீழே இருப்பவர்களுக்குப் புரியாது, அவன் மானம் தப்பிக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அரசு வக்கீல் கீழ்ச்சீமையிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். துள்ளி எழுந்தார்.

"குறிச்சுக்கங்கய்யா. வழிநெடுகச் சாத்தினார்னு எதிரி தரப்புச் சாட்சியே சொல்றாங்க."

சாத்துவது என்றால் பேச்சுவழக்கில் அடித்து நொறுக்குவது. டைப் அடிக்கிறவரின் விரல்கள் ஓடத் தொடங்கின. நடுவர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரைம்மா சாத்தினாரு?"

"இன்னாருன்னு இல்லைங்கய்யா. எம்மேலதான் நெறைய."

"ஜீப்பை யாரும் நிறுத்தலையா?"

"நிறுத்துனாகய்யா. எறங்கி நின்னும் சர்த்திச்சாரு. பாவம், அடிவயித்துலருந்து."

நான் எழுந்து, அது மலையாளச் சொல் என்று தொடங்கினேன். வக்கீலம்மா சாட்சி சொல்லக் கூடாது என்றார் அரசு வக்கீல். சட்டப்படி அவர் சொன்னது சரி. நடுவர் என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். கை முறிந்த வழக்கில், என் கட்சிக்காரன் கண்ட இடமெல்லாம் அடிக்கிற ஆள் என்று என் சாட்சியை வைத்தே நிரூபித்துவிட்டேன் போலிருந்தது. ஒழுங்காக அடுக்கி வைத்திருந்த என் கேஸ் கட்டில் இதற்கு ஒரு காகிதமும் இல்லை.

அப்போது எதிரிக் கூண்டிலிருந்து குரல் வந்தது. அவன் கைகூப்பி நின்றிருந்தான்.

"ஐயா, நா யாரையும் சாத்தலைங்கய்யா. வாந்தி எடுத்தேன்."

முதலில் சிரித்தது வாசலில் நின்ற போலீஸ்காரர். பிறகு பின் பெஞ்சு மொத்தமும். நடுவர் பேனாவைக் கீழே தேடுவதுபோல் குனிந்து, சற்று நேரம் கழித்தே நிமிர்ந்தார்.

"எதிரி பேசக் கூடாது. ஏம்மா, சர்த்தின்னா வாந்தியா?"

"ஆமாங்கய்யா. அதச் சொல்லாத ஆத்தான்னு அவருதான் கெஞ்சுனாரு. இப்ப அவரே சொல்லிப்புட்டாரு." அவர் பெருமூச்சு விட்டார். அதற்குமேல் அவரை யாராலும் நிறுத்த முடியவில்லை.

அரசு வக்கீல் குறுக்கு விசாரணையில், அதே நாள்தான் என்று எப்படித் தெரியும் என்றார்.

"மறுநாள் எம்மகளுக்கு வளகாப்புங்கய்யா. எஸ்டேட்ல எல்லாருக்கும் சொல்றதுக்குப் போனேன். அந்த நாத்தத்தோட போயி நின்னா, எனக்குத்தான் முழுகாம இருக்குன்னு நெனச்சுப்புட்டாளுக. மறக்குமா?"

"தினமும் மலையில ஜீப் ஓட்டுறவருக்கு வாந்தி வருமா?"

"ஓட்டுனா வராதுய்யா. ஒக்காந்து போனாத்தான் வரும். நம்மள நாமளே கிச்சுகிச்சு மூட்டுனாச் சிரிப்பு வருமா? அடுத்தவன் மூட்டுனாத்தான வரும்."

அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நடுவர் மட்டும் ஒன்று கேட்டார்.

"பின்னாடி, சைடு சீட்டா?"

"ஆமாங்கய்யா. கடைசில."

அந்த சீட்டில் ஒரு முறையாவது உட்கார்ந்து போனவரைப் போல நடுவர் தலையசைத்தார்.

விடுதலை கிடைத்தது. 'சம்பவ நேரத்தில் எதிரி மலைப்பாதையில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார் என்பதை நம்பாமலிருக்கக் காரணம் ஏதுமில்லை' என்று தீர்ப்பில் ஒரு வரி. நகல் வாங்க வந்தவன் அதைப் படித்துவிட்டு, அந்த வரியை மட்டும் அடிக்க முடியுமா என்று கேட்டான்.

"அடிச்சா நீ உள்ள போகணும்ப்பா."

"தெனம் எவனாவது ஜீப்புக் கண்ணாடில பாலித்தீன் பைய மாட்டிட்டுப் போறாங்கக்கா. வக்கீல்ட்டச் சொன்னது வெளிய போகாதுன்னீகள்ல?"

"நான் சொல்லலயே. நீயேதான சொன்ன."

ஆனால் ஜீப்பில் ஆள் குறையவில்லை. அவன் வண்டியில் யாருக்கு வாந்தி வந்தாலும் திட்டாமல் நிறுத்துவான் என்று பேர் வந்துவிட்டதாக அந்தச் சிலமலைக்காரர் சொன்னார்.

சென்ற மாதம் இன்னொரு வழக்குக்காகச் சம்பவ இடத்தைப் பார்க்க மேலே போக வேண்டியிருந்தது. அவன் ஜீப்தான் கிடைத்தது. முன்னால் இடமில்லை. பின்னால், சைடு சீட்டில், கடைசியில் உட்கார்ந்தேன். சில வளைவுகள் தாண்டியதும் கேஸ் கட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியில் அவன் கண்கள் என்னைப் பார்த்தன. ஜீப் ஓரமாக நின்றது.

"இஞ்சின் சூடாயிருச்சு. ரெண்டு நிமிசம்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். பின்னால் வந்து ஒரு எலுமிச்சம்பழத்தையும் மடித்த பாலித்தீன் பையையும் என் கையில் வைத்தான். கண்ணாடியில் மாட்டியதில் ஒன்றாக இருக்க வேண்டும்.

"எங்கிட்ட வந்தது வெளிய போகாதுக்கா" என்றான், மெல்ல.

இதுவரை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நானாகத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். எந்த வளைவு என்று நானும் எழுதப்போவதில்லை.