ஐப்பசியில் மட்டும் பலித்த வினை

கரிம வேதியியல் செய்பவருக்கு இரண்டே கவலைகள்: வினை நடக்கவில்லை என்பது ஒன்று, நடந்த வினை மறுபடி நடக்கவில்லை என்பது மற்றொன்று. முதல் கவலை எல்லோருக்கும் வாய்க்கும். இரண்டாவதில் நான் குடியே இருந்தேன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பை ஒட்டிய ஓர் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். குடுவை கழுவியே கைரேகை தேய்ந்தவர்கள் இதைப் படித்து ஆறுதல் கொள்ளலாம். மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை எச்சரித்து வைக்கலாம்.

எருமைநாக்கு

என் துறையின் பெயர் சமச்சீரற்ற வினையூக்கம். பெயரைக் கேட்டதும் உறவினர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். பொருள் என்னவோ எளியதுதான். சில மூலக்கூறுகள் நம் இரு கைகளைப் போல இரண்டு வடிவங்களில் பிறக்கின்றன. ஒன்று மற்றதன் கண்ணாடி உரு. மருந்தாகும்போது ஒரு கை நோயைத் தீர்க்கும்; மறு கை சும்மா இருக்கும், சில வேளை தீங்கும் செய்யும். சாதாரண வினையில் இரண்டும் பாதிக்குப் பாதியாக வரும். வேண்டிய கையை மட்டும் பிறப்பிக்கிற வினையூக்கியைத் தேடுவதுதான் எங்கள் பிழைப்பு.

புதுப்பட்டினம் சந்தைக்கு எருமைநாக்கு என்றொரு தட்டை மீன் வரும். அதற்கு இரண்டு கண்களும் ஒரே பக்கத்தில் இருக்கும். சிலவற்றுக்கு இடப்பக்கம், சிலவற்றுக்கு வலப்பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வழக்கமாக மீன் வாங்கும் தேசம்மாளின் கூடைக்கு முன் குந்தி, இடக்கண் மீன்களை ஒரு புறமும் வலக்கண் மீன்களை மறு புறமும் அடுக்கினேன். ஏறத்தாழச் சரிபாதி இருந்தன. இயற்கையும் வினையூக்கி இல்லாமல்தான் தடுமாறுகிறது என்று எனக்கொரு திருப்தி. தேசம்மாள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னா டீச்சரம்மா, மீனு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? ஒண்ணொண்ணா மூஞ்சியத் திருப்பிப் பாத்துகினு கீற."

மலையும் வரப்பும்

ஸ்டெல்லா அச்சரப்பாக்கத்திலிருந்து வந்த ஆய்வு மாணவி. அவளுடைய தாத்தாவும் பாட்டியும் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள்; தந்தை தேவசகாயம் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு நிறுவனத்துக்கு வேன் ஓட்டினார். அந்த வீட்டில் முனைவர் பட்டத்துக்கு முயன்ற முதல் ஆள் அவள்தான். நான் அவளிடம் கடுமையாகவே நடந்துகொண்டேன். அவளும் அதைப் பொருட்படுத்தவில்லை.

நாங்கள் உருவாக்கிய ஒரு வினையூக்கியை ஐப்பசி மழையில், மின்சாரம் வந்தும் போயும் இருந்த ஒரு வாரத்தில், அவள் சோதித்தாள். இரு கைகளின் அளவையும் இரண்டு முகடுகளாக வரைந்து காட்டும் கருவி எங்களிடம் இருந்தது. அன்று ஒரு முகடு திருக்கழுக்குன்றம் மலையாக எழுந்தது. மற்றது வயல் வரப்பளவுகூட இல்லை. மறுபடி செய் என்றேன். செய்தாள், அதே மலை, அதே வரப்பு. நான் தாளை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னாள்: "மேடம், நீங்க கொஞ்சம் சிரிச்சீங்கன்னா இது நெசம்னு நம்பிடுவேன். இப்பிடியே பாத்துகினு இருந்தா பயமா இருக்கு."

காயவைக்கும் தொழில்

மழைக்காலம் முடிவதற்குள் கட்டுரை வெளிவந்தது. அதன் பலனாக நிதி வந்தது. நிதியின் பலனாகப் புதிய அறை வந்தது. சன்னல் கிடையாது, குளிர்சாதனம் உண்டு, உலர்ந்த வாயு நிரப்பிய கண்ணாடிப் பெட்டியும் உண்டு. பெட்டிச் சுவரில் பொருத்திய ரப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டு வேலை செய்ய வேண்டும். ஈரம் என்பது வினையின் பகைவன் என்று பாலோடு புகட்டப்பட்ட தலைமுறை நாங்கள். அந்த அறைக்குள் நுழைந்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

அங்கே எங்கள் வினை பலிக்கவில்லை. இரண்டு முகடுகளும் உடன்பிறந்தவை போல ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன. அதே சமயத்தில் அயல்நாட்டு ஆய்வுக்குழு ஒன்று எழுதியது: நீங்கள் குறிப்பிட்டபடியே செய்தோம், பாதிக்குப் பாதிதான் வருகிறது. பிறர் செய்து வராத முடிவை அறிவியல் ஏற்பதில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றால் என் பெயர் கெடும், அதைத் தாங்கிக்கொள்வேன். ஸ்டெல்லாவின் ஆய்வேடு முழுவதும் அந்த ஒரு வினையின் மீது நின்றது. இன்னும் நன்றாக உலர்த்து என்றேன். உலர்த்த உலர்த்த முகடுகள் இன்னும் ஒற்றுமையாயின.

அந்த நாள்களில் தேவசகாயம் மகளைப் பார்க்க வந்தார். சூட்டடுப்பில் குடுவைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு என்னிடம் பணிவாகக் கேட்டார்: "தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். எங்க வூட்ல துணி காயப்போட்டா சாயங்காலம் எடுத்துடுவோம். இது இத்தினி வருசமா இன்னாத்த காயவெச்சிகினு கீது?"

முகம் கழுவும் யோசனை

துறைத்தலைவர் நல்லவர், நல்லவர்களின் யோசனைகளுக்குத்தான் அஞ்ச வேண்டும். வினைப்பொருளை ஒருமுறை படிகமாக்கிவிட்டு அளந்தால் என்ன என்றார். சில பொருள்களைப் படிகமாக்கினால் கூடுதலாக உள்ள கை படிகத்தில் சேரும், குறைவானது கரைசலோடு போய்விடும். அளவு அழகாகத் தெரியும், ஆனால் அது வினையூக்கியின் சாதனை ஆகாது. அது பொய் என்றேன். "போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி மூஞ்சி கழுவறது பொய்யா மேடம்?" என்று கேட்டார். வேறொருவர் முகத்தை ஒட்டிக்கொள்வது பொய் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

மாத இறுதிக்குள் விடை கிடைக்காவிட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறுவேன் என்று ஸ்டெல்லாவிடம் அறிவித்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னாள்: "வாங்கிக்கலாம் மேடம். ஆனா அந்த மழைல நா பாத்தது பொய் இல்ல. அத மட்டும் என்னால திருப்பி வாங்க முடியாது."

நிற்காத தராசு

அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஐப்பசியில் செய்ததை அதே பழைய அறையில், அதே வரிசையில், ஒன்றுவிடாமல் செய்து காட்டச் சொன்னேன். அந்த அறை அதற்குள் உடைந்த நாற்காலிகளின் கிடங்காகியிருந்தது. சன்னலைத் திறந்ததும் உப்புக் காற்று உள்ளே வந்தது. ஸ்டெல்லா வினையூக்கித் தூளைத் தராசில் இட்டாள். கடைசி இலக்கம் நிற்கவில்லை. மெல்ல ஏறிக்கொண்டே போனது.

தராசு பழுது என்று அவள் சலித்துக்கொண்டாள். தூளை எடுக்கச் சொன்னேன். வெறும் தட்டில் இலக்கம் அசையாமல் நின்றது. மீண்டும் இட்டதும் ஏறியது. தராசில் பழுதில்லை, தூள் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. அந்த ஈரத்தோடுதான் அது ஐப்பசியில் வேலை செய்திருக்கிறது. கட்டுரை எழுதும்போதோ, எங்கள் குல வழக்கப்படி, 'எல்லாவற்றையும் நன்கு உலர்த்தி' என்று கை தானாக எழுதிவிட்டது. அயல்நாட்டவர் பாவம், அதை நம்பி உலர்த்தினார்கள்.

புதிய அறையில், உலர்ந்த பெட்டிக்குள் கலந்து மூடிய குடுவையை வெளியே எடுத்து, அதன் ரப்பர் மூடி வழியே நுண் ஊசியால் சிறிது தண்ணீர் செலுத்தினேன். செருப்போடு கருவறைக்குள் நுழைவது போலிருந்தது. மாலையில் கருவி பழைய மலையை வரைந்தது. துறைத்தலைவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு செலவு பண்ணி ஈரத்த வெளிய தள்ளினோம். அத ஊசியில திருப்பி உள்ள ஏத்துறீங்க. ஆடிட்டருக்கு நான் இன்னா சொல்றது?"

வாய்மொழித் தேர்வு

ஒரு வரித் திருத்தம் வெளியிட்டோம். அயல்நாட்டுக் குழு அதன்படி செய்து பார்த்து, எங்கள் முடிவே வந்ததாக எழுதியது. ஸ்டெல்லாவின் வாய்மொழித் தேர்வன்று தேவசகாயம் இஸ்திரி போட்ட சட்டையில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், இந்த ஆய்வில் உங்கள் சொந்தப் பங்களிப்பு என்ன என்று கேட்டார். ஆய்வேட்டின் எல்லா அத்தியாயங்களையும் கோவையாகச் சொல்ல அவளைப் பழக்கியிருந்தேன். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அவ்வளவையும் ஒதுக்கிவைத்துச் சொன்னாள்: "தண்ணி சார். அதுவும் ஒரு சொட்டுக்குக் கொறச்சலா."

ஈரத்தை விரட்டியே சம்பளம் வாங்கிய ஒருத்தியின் பெயரை அந்த ஈரமே காப்பாற்றியது என்பதை, என் தோல்வியாக அல்ல, வேதியியலின் குறும்பாகவே இங்கே பதிவு செய்கிறேன்.