பச்சைத் திரையில் இரண்டு எழுத்து

2009 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து நாற்பது. வெளியே தூறல். குடையை விரித்தால் நின்றுவிடும், மடக்கினால் தொடங்கும், அந்த ரகம். ஜோகுபாளையத்தில் என் முன்னறையில் கவுஸ் பாய் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என் பழைய கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் ஒரு ஃப்ளாப்பி டிரைவை மாட்டிக்கொண்டிருந்தார். சிவாஜி நகரில் குஜிரிக் கடை வைத்திருப்பவர். குஜிரி என்றால் இந்த ஊரில் பழைய சாமான். டிரைவுக்கு நான்கு திருகாணி வேண்டும். அவர் மூன்றைத்தான் முடுக்கினார்.

"நாலாவது எங்க பாய்?"

"ஓடுறதுக்கு மூணு போதும் சார்."

எனக்குப் போதாது. ஆனால் இந்த டிரைவுக்காக நான் மூன்று வருடமாக அலைந்திருக்கிறேன். என் மெஷினில் இருந்த இரண்டும் 1998இல் செத்துப்போயின. வேலை செய்கிற ஒன்றைத் தேடி இதுவரை ஐந்து பழைய கம்ப்யூட்டர்களையும் நான்கு கீபோர்டுகளையும் அறுபத்து மூன்று ஃப்ளாப்பிகளையும் வாங்கிக் குவித்துவிட்டேன். மாடியில் குடியிருப்பவர்கள் எனக்கு குஜிரி தாத்தா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குக் கேட்காது என்று நினைப்பு.

ஸ்விட்சைப் போட்டதும் முதலில் வந்தது வாசனைதான். சூடேறிய தூசியும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்துவிட்ட சட்டை மாதிரி. அந்த வாசனைக்கு என் கணக்கில் ஒரு கிழமை உண்டு. அது ஞாயிற்றுக்கிழமை.

1992இல் எங்கள் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸைக் கம்ப்யூட்டர்மயமாக்கப் போகிறோம் என்று நோட்டீஸ் போட்டார்கள். நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். எண்ணுவதுதான் வேலை. பொழுதுபோக்கும் அதுதான் என்று சரோஜா சொல்வாள். சரோஜா என் மனைவி. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. ஐம்பத்து நாலு வயதில் எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்தப் பெட்டி வந்தால் என்னை எங்கே உட்கார வைப்பார்கள்? பிராவிடண்ட் ஃபண்டில் கடன் போட்டு, எஸ்.பி. ரோட்டில் ஒரு செகண்ட் ஹேண்ட் மெஷினை ஒன்பதாயிரத்து இருநூறுக்கு வாங்கினேன். பச்சைத் திரை, இரண்டு ஃப்ளாப்பி டிரைவ். ஆட்டோவில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவன் ஸ்டீபன்.

ஸ்டீபன் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தான். வீடு காக்ஸ் டவுனில். ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். வரும் வழியில், ஓல்ட் மெட்ராஸ் ரோட்டு பேக்கரியில் மூன்று பப்ஸ் வாங்கிக்கொள்வான். எப்போதும் மூன்றுதான். அந்த மெஷினில் நான் ஸ்டாக் ரிஜிஸ்டர் போடக் கற்றுக்கொண்டது நான்கு வாரம். பிறகு அவன் ஒரு ஃப்ளாப்பியைக் கொண்டுவந்தான். அதில் ஓர் ஆட்டம். ஏணிகளில் ஏறி இறங்கும் ஒரு பச்சை மனிதன், பானைகளைப் பொறுக்க வேண்டும், மேலிருந்து உருளும் பீப்பாய் எதுவும் மேலே படக்கூடாது. இவ்வளவுதான். இதற்காக இரண்டு ஐம்பது வயதுக்காரர்கள் ஞாயிறு முழுக்கச் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தோம் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

ஒவ்வொரு ஆட்டத்தின் மதிப்பெண்ணையும் நான் ஒரு நோட்டில் எழுதிவைப்பேன்.

"ஆட வந்தியா, ஸ்டாக் எடுக்க வந்தியா குரு?" என்பான் ஸ்டீபன். குரு என் பெயரல்ல, இந்த ஊரில் சிநேகிதனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மெஷினும் எழுதிவைத்துக்கொள்ளும். முதல் பத்து இடத்தில் வந்தால் பெயர் கேட்கும். மூன்று எழுத்துக்குத்தான் இடம். நான் கே-யில் தொடங்கி என் பெயரைச் சுருக்கிப் போடுவேன். அவன் எஸ், டி, ஈ என்று போடுவான்.

சரோஜா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்று பார்ப்பாள். ஒருநாள் ஸ்டீபன் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான்.

"தங்கச்சி, ஒரு ஆட்டம் ஆடுங்க."

"ஐய, எனக்கு என்னாண்ணே தெரியும்?"

"அதுக்கு இங்கிலீஷ் தெரியணும்" என்றேன் நான். அவள் உள்ளே போய்விட்டாள். அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், தமிழ்ப் பள்ளி. மெஷினைத் துடைக்கவா என்று கேட்டால்கூட, "தொடாத, ஈரத்துணி பட்டா போச்சு" என்பேன். ஆட்டத்தைத் தொடங்குவதற்கான ஏழு படிகளையும் நம்பர் போட்டு ஒரு தாளில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தேன், எனக்கே மறந்துவிடும் என்று. அதை வேறு யாராவது படிக்கக்கூடும் என்று தோன்றவே இல்லை.

1994 ஜூலை 4, திங்கட்கிழமை. வேலையிலிருந்து வந்து மெஷினைப் போட்டேன். பட்டியலின் தலையில் ஒரு புது வரி. எம், ஒரு புள்ளி, எஸ். மதிப்பெண் 48,360. என் வாழ்நாள் சாதனை 41,120.

எம்.எஸ். என்பது எனக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து. ஸ்டோர்ஸுக்கு வரும் ஒவ்வொரு இன்ஸ்பெக்ஷன் சீட்டின் கீழேயும் அதுதான் இருக்கும். எம். ஸ்டீபன். அந்த வாரம் அவனுக்கு இரண்டாவது ஷிஃப்ட். காலையெல்லாம் சும்மா இருப்பான்.

"இன்னிக்கு யாராவது வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"ஸ்டீபன் அண்ணன் வந்தாரு. ஏதோ வேற ஃப்ளாப்பியாம், குடுத்துட்டுப் போனாரு."

"எவ்ளோ நேரம் இருந்தாரு?"

"காபி குடிக்கிற நேரம்."

எண்ணத் தெரிந்தவனுக்கு வருகிற வியாதி இதுதான். காபி குடிக்கப் பத்து நிமிடம். 48,360 எடுக்க ஐம்பது நிமிடமாவது ஆகும். மீதி நாற்பது நிமிடத்தை இவள் ஏன் மறைக்கிறாள்? ஞாயிற்றுக்கிழமை எஸ், டி, ஈ என்று போடுகிறவன் திங்கட்கிழமை ஏன் எம்.எஸ். என்று போட வேண்டும்? மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் என்று அதற்கும் ஒரு விடை வைத்திருந்தேன். மாட்டிக்கொள்ளாமல் இருக்க நினைப்பவன் ஆபீஸ் கையெழுத்தைப் போடுவானா என்று யோசிக்கவில்லை. மெஷினை என்னைக் கேட்காமல் தொட்டுவிட்டான் என்பதுதான் கோபம், அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை என்று இத்தனை வருடமும் எனக்கே சொல்லிவந்திருக்கிறேன். அந்த நாற்பது நிமிடத்தை நினைத்து ஆறு இரவு தூங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருவரில் யாரிடமாவது. கேட்கவில்லை.

ஜூலை 10, ஞாயிறு, ஸ்டீபன் பப்ஸ் பொட்டலத்தோடு வந்தான். நான் வாசலை விட்டு நகரவில்லை.

"மெஷின் ரிப்பேர்" என்றேன்.

அவன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "உள்ள பச்சையா எரியுதே குரு!"

"இனிமே ஞாயித்துக்கிழமையில எனக்கு வேலை இருக்கு."

விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். சிரிப்பு மெல்ல நின்றது. பிறகு உள்ளே பார்த்து, "தங்கச்சி, சூடா இருக்கு, சாப்பிடுங்க" என்று பொட்டலத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனான். நான் ஒன்று தின்றேன், சரோஜா ஒன்று. மூன்றாவதை யாரும் தொடவில்லை. மறுநாள் எறும்பு மொய்த்திருந்தது.

அன்றைக்கே ஒரு காரியம் செய்தேன். அந்தக் கால ஃப்ளாப்பியின் ஓரத்தில் சதுரமாக ஒரு சிறு வெட்டு இருக்கும். அதன்மேல் வெள்ளி நிறத் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டால் மெஷின் அதைப் படிக்கும், எதையும் எழுத முடியாது. நான் ஒட்டினேன். அந்த வரி அழியக்கூடாது. சாட்சி அல்லவா!

"ஸ்டீபன் அண்ணன் ஏன் வர்றதில்லீங்க?" என்று சரோஜா மூன்று முறை கேட்டாள். "சர்ச்சுல வேலையாம்" என்று மூன்று முறையும் சொன்னேன். 1996இல் நான் ஓய்வு பெறும்வரை இன்ஸ்பெக்ஷன் சீட்டுகள் வந்துகொண்டிருந்தன. ஆள் வரவில்லை, கையெழுத்து மட்டும் வந்தது. 2003இல் சரோஜா போனாள். இரண்டு நாள் காய்ச்சல் என்று படுத்தவள். அதற்கப்புறம்தான் நான் குஜிரிக் கடைகளுக்குப் போக ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்டால் ஆட்டம் ஆட என்பேன். வீட்டில் ஏதாவது ஒன்று சத்தம் போட்டால் தேவலை என்றும் இருந்தது.

கவுஸ் பாய் ஃப்ளாப்பியைச் செருகினார். கர்ர், கர்ர், டக். அந்தச் சத்தம் கேட்டுப் பதினோரு வருடம். பச்சை எழுத்தில் பட்டியல் வந்தது. தலையில் எம்.எஸ்., கீழே ஆறு இடத்தில் நான், மூன்றில் எஸ், டி, ஈ. ஓர் எண்கூட உதிரவில்லை.

"யாரு சார் இந்த எம்.எஸ்.? பெரிய ஆளா இருக்காரு!"

"ஃப்ரெண்ட்" என்றேன். அந்தச் சொல்லை வாயால் சொல்லியும் ரொம்ப நாளாகிவிட்டது. உள்ளே போய் டீ போட்டு எடுத்துவந்து கொடுத்தேன். கவுஸ் பாய் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுலயும் எம்.எஸ். வெட்டியிருக்கே சார். ஃப்ரெண்ட் டம்ளரையும் உட்டுட்டுப் போயிட்டாரா?"

அது என் டம்ளர். 1966லிருந்து தினம் இரண்டு வேளை அதில்தான் காபி குடிக்கிறேன். என் மாமனார் முனுசாமி கல்யாணத்துக்கு இருபத்தோரு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தார். அன்றே எண்ணி வாங்கினேன். அல்சூர் பஜாரில் பெயர் வெட்டுகிறவருக்குத் தமிழ் வராது. அதனால் இங்கிலீஷில், புள்ளி புள்ளியாக, இருபத்தொன்றிலும் எம்.எஸ். எம். சரோஜா.

கல்யாணமானால் பெண்ணின் பெயருக்கு முன்னால் அப்பாவின் எழுத்து போய்ப் புருஷன் எழுத்து வந்துவிடும். ரேஷன் கார்டு, பாங்க் பாஸ் புக், கடைசியில் இறப்புச் சான்றிதழ் என்று எல்லாவற்றிலும் கே. சரோஜா என்று எழுதிக்கொடுத்தவன் நான். ஆனால் மெஷின் மூன்று எழுத்து கேட்டபோது அவள் எந்த ஃபாரத்தையும் நினைக்கவில்லை. தினமும் தேய்த்துக் கழுவிய எழுத்தைத்தான் போட்டிருக்கிறாள். நான் ஒட்டிவைத்த ஏழு படிகளையும் ஒவ்வொரு எழுத்தாகக் கீபோர்டில் தேடித் தேடி அழுத்தியிருக்கிறாள். 48,360 முதல் நாளிலேயே வருகிற மதிப்பெண் அல்ல. எத்தனை பகல்கள் பழகியிருப்பாளோ! நான் துண்டை ஒட்டிய பிறகும் ஆடினாளா? ஆடியிருந்தால் பெயரைப் போட்டிருப்பாள், மெஷினை அணைத்ததும் அது மறந்திருக்கும். தன்மேல் தப்போ என்று நினைத்திருப்பாள். அந்த எண்ணிக்கை மட்டும் என்னிடம் இல்லை.

"சார், டீ ஆறுது, நீங்க குடிக்கல?" என்றார் கவுஸ் பாய்.

அடுத்த ஞாயிறு, ஆகஸ்ட் 23, காக்ஸ் டவுன் போனேன். பேக்கரியில் மூன்று பப்ஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தால் பேக்கரி இருந்த இடத்தில் மெட்ரோவுக்குத் தோண்டிய பள்ளம். தகரம் அடித்து மறைத்திருந்தார்கள். ஸ்டீபன் வீடு இருந்த இடத்தில் நான்கு மாடி அபார்ட்மென்ட். பன்னிரண்டு பெயர்ப் பலகைகள், அவன் பெயர் இல்லை. வாட்ச்மேன், "ஆ ஹெசரினவரு யாரூ இல்லா சார்" என்றான். அப்படி ஒரு பெயரில் யாரும் இல்லையாம். சர்ச்சில் விசாரித்தேன். அந்தக் குடும்பம் வீட்டை விற்றுவிட்டுப் போய் ரொம்ப வருடமாச்சு, எங்கே என்று தெரியாது என்றார்கள். உயிரோடு இருக்கிறானா என்று கேட்க வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஃப்ளாப்பியிலிருந்த வெள்ளித் துண்டை நகத்தால் சுரண்டி எடுத்தேன். இனி அதில் எழுதலாம். எழுத ஆளில்லை.

மெஷின், அந்த ஐந்து உடைசல்கள், ஃப்ளாப்பிகள், கவுஸ் பாயின் டிரைவ், ஆட்டோச் செலவு எல்லாம் நோட்டில் இருக்கிறது. அதைக் கூட்டிப் பார்க்க மனமில்லை. வேறொன்றைத்தான் கூட்டினேன், பழைய காலண்டர்களை வைத்துக்கொண்டு, தப்பு வரக்கூடாது என்று இரண்டு முறை. 1994 ஜூலை 17 முதல் 2009 ஆகஸ்ட் 23 முடிய, எழுநூற்று எண்பத்தொன்பது ஞாயிற்றுக்கிழமைகள்.