முப்பது போர்டிலும் ஒரே கோடு

ரேடியோ போர்டில் சால்டரிங் வைப்பதைக் கைவேலை என்று நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் அது கவலைப்படுகிற வேலை. அடுப்பை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி ஓடி வருகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

மறந்துபோகிற சிப்

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். தென்காசியில் முதலாளி முருகேசன் அண்ணாச்சியின் மாடியில், கம்ப்யூட்டரோடு சேர்ந்து இயங்கும் ரேடியோ போர்டுகள் செய்கிறோம். நடுவில் எஃப்.பி.ஜி.ஏ. என்று ஒரு சிப். அதற்கு நூற்று நாற்பத்து நான்கு கால். லென்ஸ் வைத்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் பற்றவைப்பேன். கரண்ட் போனால் அந்தச் சிப் தான் யார் என்பதையே மறந்துவிடும். கரண்ட் வந்ததும், ‘நீ ரேடியோ, இந்த அலையை விடு, இதை வடிகட்டு’ என்று புரோகிராம் ஏற்ற வேண்டும்.

அதை எழுதுவது ஆலங்குளத்துப் பெண் ஜெனிட்டா. எழுதியதை இன்டர்நெட்டில் பொதுவாகப் போட்டுவிடுவாள். உலகத்தில் யாரும் எடுக்கலாம், திருத்தலாம். தப்பு இருந்தால் எல்லாரும் பார்ப்பார்களே என்றேன். அவள் சொன்னாள்: “பாக்கட்டும்க்கா. அதுக்குத்தான போடுதேன்.”

மேகப் படம்

ஆனி மாதம் குற்றாலத்துச் சாரல் எங்கள் ஜன்னல் கம்பி வரை வந்து நிற்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு போர்டைச் சோதிப்பேன். முதலில் வெறும் இரைச்சல். அப்புறம் அதற்குள்ளிருந்து யாரோ புரியாத பாஷையில் பேசிக்கொண்டே வந்து, பேசிக்கொண்டே விலகிப் போவார்கள்.

ஒருநாள் வானிலைச் செயற்கைக்கோள் தலைக்கு மேலே போனபோது, அது அனுப்பிய படம் திரையில் வரிவரியாக இறங்கியது. கேரளம் வந்தது, மலை வந்தது. நம் பக்கம் வெள்ளையாக மூடியிருந்தது. அந்த வெள்ளைக்கு அடியில்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியதும், கையில் வேலை இருப்பதே மறந்து எங்கேயோ போய்விட்டேன். அண்ணாச்சியைப் பார்க்க வந்திருந்த புளியங்குடி கமிஷன் கடைக்காரர் என் பின்னால் நின்று கேட்டார்: “இம்புட்டு மேலயிருந்து பாக்குல்லா, நாளைக்கு எலுமிச்சை என்ன வெல போவும்னு சொல்லுமா?”

கோடு

ஒரு கல்லூரிக்கு முப்பது போர்டு கேட்டிருந்தார்கள். சோதித்தால், அலைகளைக் காட்டும் திரையில் ஓரிடத்தில் நெட்டுக்குத்தாக ஒரு மஞ்சள் கோடு. காதில் ஙொய் என்று சத்தம். முப்பதிலும் அதேதான். என் சால்டரிங்தான் சரியில்லை என்று பிரித்துப் பிரித்து மறுபடி வைத்தேன். கண்ணை மூடினால் சிப்பின் கால்கள் மினுங்கின.

ஜெனிட்டா அந்தக் கோட்டை மட்டும் வெட்டுகிற ஒரு ஃபில்டர் எழுதினாள். வெளிநாட்டு ஆட்கள் இரண்டு மூன்று பேர் திருத்தியும் கொடுத்தார்கள். கோடு போனது, அதை ஒட்டி மெலிதாகக் கேட்ட ஒரு ரேடியோ நிலையமும் சேர்ந்து போனது. அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “வெள்ளிக்கெழமைக்குள்ள சரியாவலன்னா, இனிமே கோயம்புத்தூர்ல மெஷின்ல சால்டரிங் அடிச்சு வாங்கிக்கிடுவோம், செல்வி. தப்பா நெனைக்காத.”

வியாழக்கிழமை

என் வீட்டுக்காரர் எலுமிச்சை லாரி ஓட்டுகிறார். கேரளம் போனால், அவர் போன் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. என் போனில் சார்ஜ் நிற்காது. அதனால் பஸ் ஸ்டாண்டில் மலிவாகப் புதிதாக ஒரு சார்ஜர் வாங்கி, போர்டுக்குப் பக்கத்திலேயே எந்நேரமும் சொருகி வைத்திருந்தேன். வியாழக்கிழமை அவர் வீட்டில் இருந்தார். அதனால் போனும் சார்ஜரும் என் பைக்குள்ளேயே கிடந்தன. ஃபில்டர் போடாமலே சோதித்தேன். கோடு இல்லை. அந்த மெலிய நிலையத்தில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். சார்ஜரைச் சொருகினேன், கோடு வந்தது. பிடுங்கினேன், அவள் பாடினாள்.

சொன்னால் வேலை பிழைக்கும், ஆனால் மானம் போகும். மத்தியானம் வரை சார்ஜரை மறுபடி பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அண்ணாச்சி கோயம்புத்தூர் நம்பரைத் தேட ஆரம்பித்ததும், சார்ஜரைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, சீமையில உள்ளவனெல்லாம் உக்காந்து திருத்துனது ஒன் சார்ஜரையா?”

நன்றிக் கடிதம்

முப்பது போர்டும் என் சால்டரிங்கோடு கிளம்பின. கோயம்புத்தூர் பேச்சு அதன்பின் எழவில்லை. இனி அந்த ஃபில்டர் எதற்கு, எடுத்துவிடு என்று ஜெனிட்டாவிடம் சொன்னேன். அவள் ஒரு மெயிலைப் படித்துக் காட்டினாள். எங்கோ பனி பெய்கிற ஊரில் ஒருவர் வீட்டிலும் இதே கோடாம், ஃபில்டர் போட்டதும் போய்விட்டதாம், நன்றி எழுதியிருந்தார். அவர் யாருடைய போனுக்குக் காத்திருக்கிறாரோ என்று கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன். பாவம், சார்ஜரைப் பிடுங்கச் சொல்லி எழுது என்றேன். ஜெனிட்டா சொன்னாள்: “சொன்னா நம்ம ஃபில்டருக்கு இருக்க ஒரே ஆளும் போயிருவாருக்கா!”

வானத்தை முழுக்கச் சலித்துப் பார்த்த பிறகுதான் மேஜைமேல் தேடத் தோன்றுகிற தொழில் எங்களுடையது.